அளவையும் அளப்பவனும்

ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை பிட் தரவு செலவாகிறது என்பதே பிட்ரேட். கோப்பின் அளவை வீடியோவின் நீளத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழாவில் எடுத்த 90 நொடித் துணுக்கு ஒன்றை 16 எம்பிக்குள் அடக்க வேண்டும் என்று கொள்ளலாம். 16 எம்பி என்பது 128 மெகாபிட். அதை 90 ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 1,420 கிலோபிட். ஒலிக்கு 128, கோப்பின் உறைக்குச் சிறிது என்று கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1,270. பிட்ரேட் கால்குலேட்டர்கள் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

இத்தனை எளிய கணக்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கத் தொடங்கினால், கேள்வி விரைவிலேயே தத்துவத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒன்றை அளந்துவிட்டால் அதை அறிந்துவிட்டதாகுமா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குகிறது: அளவை. நாழியும் உழக்கும் அளவை. அறிவு பிறக்கும் வழியும் அளவை. பண்ருட்டி வட்டாரத்துத் திருத்துறையூரில் வாழ்ந்த அருணந்தி சிவாச்சாரியார், 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளை எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். மென்பொருள்களையும் இந்த மூன்றின் வழியே பிரித்துப் பார்க்கலாம்.

நீளத்தையும் கோப்பின் அளவையும் மட்டும் வாங்கிக்கொண்டு எண்ணைத் தரும் கால்குலேட்டர் கருதலின், அதாவது ஊகித்தறிதலின், பாற்பட்டது. அது படத்தைப் பார்ப்பதே இல்லை. எம்பி என்பதை 1,000 கணக்கில் கொள்கிறதா 1,024 கணக்கில் கொள்கிறதா என்று அது சொல்ல வேண்டும்; இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து சதவீத வேறுபாடு உண்டு. ஒலியைத் தனியே கழிக்கவும் வேண்டும். ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் விழுகிறது என்றும் காட்டினால் இன்னும் நல்லது. மேற்சொன்ன 1,270 கிலோபிட், 1280க்கு 720 அளவும் நொடிக்கு 25 சட்டகமும் உள்ள படத்தில் புள்ளிக்கு 0.055 பிட், 854க்கு 480 ஆகக் குறைத்தால் 0.12. படத்தின் அளவைக் குறைப்பதே மேல் என்று அந்த எண் சொல்லிவிடும்.

வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்களில் வரும் ஆயத்த அமைப்புகள் உரை. அனுபவசாலிகள் சோதித்துச் சொன்னதை நம்பி ஏற்பது அது. சொன்ன சூழல் மாறினால் உரை பொருந்தாது: 2003இல் வந்த எச்.264 என்ற சுருக்க முறைக்கு வகுத்த எண், அதில் பாதியளவு பிட்டிலேயே அதே தரம் தரவல்ல 2013இன் எச்.இ.வி.சி. முறைக்கு உதவாது.

எஃப்எஃப்எம்பெக் முதலியவை செய்யும் இருமுறை ஓட்டம் காண்டலுக்கு நெருக்கமானது. முதல் ஓட்டத்தில் எங்கே அசைவு மிகுதி என்று பார்த்து வைத்து, இரண்டாம் ஓட்டத்தில் அதற்கேற்பப் பிட்களைப் பங்கிடுகிறது. குத்துவிளக்கு மட்டும் தெரியும் பத்து நொடிக்குக் குறைவாகவும், ஆடுபவர் சுழன்று தீர்மானத்தில் கால் தட்டும் பத்து நொடிக்கு மிகுதியாகவும் கொடுக்கிறது. வெறும் கால்குலேட்டருக்கு இரண்டும் ஒன்றே.

கண்ணுக்குப் படாததைக் கழிப்பதே சுருக்கத்தின் அடிப்படை. மனிதக் கண்ணுக்கு ஒளி வேறுபாடு தெரியும் அளவு நிற வேறுபாடு தெரியாது. ஆகவே பெரும்பாலான வீடியோக்களில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கப்படுகிறது. ஆனால் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை எப்போது நம்பலாம்? காணாமையைக் கொண்டு ஒன்று இல்லை என்று அறிவதை அபாவம் என்பர். வெளிச்சம் இருந்து, கண்ணும் திறந்திருந்து, குடம் தென்படவில்லை என்றால்தான் "இங்குக் குடம் இல்லை" எனலாம். இருட்டில் காணாதது எதற்கும் சான்றாகாது. கைப்பேசியின் சிறு திரை அந்த இருட்டைப் போன்றது. அங்கே பளிச்சென்று தோன்றிய துணுக்கைப் பெருந்திரையில் ஓட்டினால், முத்திரை பிடித்த விரல்கள் கட்டம் கட்டமாகக் குழம்பிக் கிடப்பது தெரியும்.

கழித்துச் சுருக்குவதைக் கல்லிலும் காணலாம். சிதம்பரம் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அவற்றுக்குரிய நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது கையும் காலும் கூடிய ஓர் அசைவு. அசைவு முழுவதையும் கல்லில் வைக்க இயலாது. ஆகவே சிற்பி ஒரு கணத்தைத் தேர்ந்து மற்றவற்றை விட்டான். ஆட்டம் தெரிந்தவர் அந்தச் சிற்பத்தைப் பார்த்தால் விடுபட்ட அசைவு மனத்தில் மீண்டும் எழும். வீடியோவும் இடையிடையே முழுச் சட்டகம் ஒன்றை வைத்து, நடுவில் உள்ளவற்றை மாற்றங்களாக மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆனால் எந்தக் கணம் ஆட்டத்தின் உயிர் என்று சிற்பிக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரிவது எந்தப் புள்ளி மாறியது என்பது மட்டுமே.

அளவை, அளக்கப்படும் பொருள், அளப்பவன், அளவையின் பயன் என நான்கைத் தருக்க நூல்கள் பிரித்துச் சொல்லும். இவற்றுள் கருவிக்கு முதலிடம் தருவதில்லை சைவ சித்தாந்தம். கண்ணும் மனமும் துணைகளே. உண்மையான அளவை உயிரின் அறிவாற்றலாகிய சிற்சத்தி என்பது அதன் துணிபு. பிட்ரேட் கால்குலேட்டருக்கும் இது பொருந்தும். எவ்வளவு கொள்ளும் என்பதை அது சொல்லும். எதை இழக்கலாம் என்பதைச் சொல்லாது. ஆகவே கணக்கின் படிகளை மறைக்காமல் காட்டும் கால்குலேட்டரையும், இருமுறை ஓட்டம் உள்ள மென்பொருளையும் சேர்த்துக் கொள்வதே சரி. அசைவு மிகுந்த பத்து நொடியை முதலில் சுருக்கி, பெரிய திரையில் கண்ணால் பார்த்த பிறகே முழுத் துணுக்கைச் சுருக்க வேண்டும். கழித்த பிட்கள் திரும்பி வருவதில்லை. மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.