பெட்டிக்குள் விமானம் இருக்கிறதா?

பழைய மாடல் விமான கிட் ஒன்றை வாங்கியவர் மூடியைத் திறந்ததும் முதலில் வருவது வாசனை. பல்லாண்டு பரணில் கிடந்த மரமும் காகிதமும் சேர்ந்த உலர்ந்த வாசனை. அப்புறம்தான் கை உள்ளே போகும். எட்டாக மடித்த வரைபடம். மடிப்புகளில் காகிதம் பழுத்துப் பிய்ந்திருக்கும். அச்சுக் கத்தி பாதி வெட்டிய நிலையில், பலகையைவிட்டுப் பிரியாமல் நிற்கும் இறக்கை ரிப்புகள். சக்கரத்துக்கு வளைத்த எஃகுக் கம்பி. மஞ்சளேறிய பிளாஸ்டிக் கூண்டு. விரல் பட்டாலே உதிரும் ஸ்டிக்கர்கள். மூடியின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு விமானம் தலைகீழாகப் பறக்கிறது. மூடிக்குக் கீழே அப்படி எதுவும் இல்லை.

இல்லை என்று அத்தனை உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? இந்தியத் தத்துவ மரபு இந்தக் கேள்வியின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறது. காரியம் பிறக்கும் முன்பே காரணத்துக்குள் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்பவர்கள் சாங்கியர். சைவ சித்தாந்தமும் அந்தப் பக்கம்தான். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டினால் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை. இதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். நியாய மரபினரான நையாயிகர்கள் ஒப்பவில்லை. நூலில் ஆடை இல்லை. இருந்திருந்தால் நெசவாளி எதற்கு, நூற்கண்டையே உடுத்திக்கொள்ளலாமே என்றார்கள். ஆடை என்பது அதற்குமுன் உலகில் இல்லாத ஒரு புதுப்பொருள் என்பது அவர்கள் கட்சி.

எள், நூல், குடம் என்று பழகிய எடுத்துக்காட்டுகளைவிட இந்தப் பெட்டி கடினமானது. மண்ணைப் பார்த்தால் குடமும் ஆகலாம், சட்டியும் ஆகலாம். இந்தப் பெட்டியிலுள்ள மரமோ ஒரேயொரு விமானமாக ஆவதற்கென்றே வெட்டப்பட்டது.

இப்படிப் பெட்டியில் வந்த விமானங்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. ரேடியோவால் இயக்கும் சாகச விமானங்களுக்கான முதல் உலகப் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்தது. வென்றவர் எட் கஸ்மிர்ஸ்கி என்ற அமெரிக்கர். அவர் பறக்கவிட்டது தாமே வடிவமைத்த ஓரியன். அடுத்து அவர் வடிவமைத்த டாரஸை டாப் ஃப்ளைட் நிறுவனம் கிட்டாக விற்றது. 1967இல் கோர்சிகா தீவில் நடந்த உலகப் போட்டியில் ஃபில் கிராஃப்ட் தம்முடைய க்விக் ஃப்ளை மூன்றாம் வடிவத்தோடு வந்து வென்றார். அதுவும் கிட்டாக வந்தது. உலக சாம்பியனின் விமானத்தை ஒரு பள்ளிக்கூடப் பையன் தன் வீட்டு மேசையில் கட்டலாம் என்ற நிலை அப்போது இருந்தது. இன்று இந்தப் பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்களில் பலர் அந்தக் காலத்தில் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் காசில்லாமல் திரும்பியவர்கள்.

சித்தாந்த நூல்கள் குடத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லும்: மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இங்கே முதற்காரணம் பால்சா மரம். துணைக்காரணங்களாகக் கத்தி, குண்டூசி, உப்புத்தாள், பசை. நிமித்த காரணம் யார் என்று கேட்டால்தான் சிக்கல். குயவனிடம் நினைப்பும் கையும் ஓருடலில் இருக்கின்றன. இங்கே நினைத்தவர் 1960களில் நினைத்து முடித்துவிட்டார். வெட்டியது ஒரு தொழிற்சாலை. ஒட்டப்போகிறவர் அப்போது பிறந்தேகூட இருக்கமாட்டார். ஒரு விமானத்தின் நிமித்த காரணம் இப்படி மூன்று இடத்தில், அரை நூற்றாண்டு இடைவெளியில் சிதறிக் கிடக்கிறது.

ஒட்டுகிறவர் வெறும் கூலியாள்தானே, எல்லாம்தான் வரைபடத்தில் இருக்கிறதே என்று தோன்றலாம். ஒரு வாரம் வேலை செய்தால் அந்த எண்ணம் போய்விடும்.

பால்சாவையே எடுத்துக்கொள்ளலாம். ஈக்வடாரில் பெரும்பகுதி விளையும் இந்த மரம் ஆறு முதல் பத்தாண்டில் வெட்டுக்கு வந்துவிடும். நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. ஆனாலும் தாவரவியல் இதை வன்மர வகையில்தான் சேர்க்கிறது. ஒரே நீள அகலமுள்ள இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கனமாக இருக்கக்கூடும். பழைய கிட்டில் வால்பகுதிக்கென்று வைத்த பலகை கனத்ததாக அமைந்துவிட்டால் வினைதான். வால் நெடுந்தூரம் பின்னால் இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டிவரும். எனவே அனுபவமுள்ளவர் தராசை எடுத்து ஒவ்வொரு பலகையாக நிறுத்துப் பார்க்கிறார். கனத்தவற்றை ஒதுக்கிவிட்டு, அதே வடிவத்தை இலகுவான புது மரத்தில் வெட்டிக்கொள்கிறார். அச்சு மழுங்கிய காலத்தில் வெளிவந்த கிட் என்றால் விளிம்புகள் வெட்டுப்படாமல் நசுங்கியிருக்கும்; அவையும் போகும்.

அடுத்தது இறக்கையின் நேர்மை. இந்த வகை விமானங்கள் பலவற்றின் இறக்கைக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வளைவு. நிமிர்ந்து பறந்தாலும் கவிழ்ந்து பறந்தாலும் ஒன்றுபோல் நடக்க வேண்டும் என்பதற்காக. அந்த இறக்கை நூலிழை முறுக்கிக்கொண்டாலும் விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். வரைபடத்தில் இறக்கை நேராகத்தான் இருக்கிறது. மேசையில் அது நேராக வருவது, அடிப்பலகை சமமாக இருப்பதையும், பசை காயும்வரை கைவைக்காத பொறுமையையும் பொறுத்தது. அந்தப் பொறுமை எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. ஒரே கிட்டை இரண்டு பேர் கட்டினால் இரண்டு குணமுள்ள விமானங்கள் கிடைக்கின்றன. நையாயிகர் கட்சி இங்கே வலுக்கிறது.

அதோடு முடியவில்லை. ஓரியன் பறந்த காலத்தின் ரேடியோ வேறு. அனுப்பும் கருவி ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சுருதியை ஒலிபரப்பும். விமானத்தில் உள்ள வாங்கும் கருவியில் அந்தச் சுருதிக்கு இசைந்த மெல்லிய உலோக நாக்கு அதிர்ந்து இணைப்பை உண்டாக்கும். சுக்கான் முழுதாகத் திரும்பும், விட்டால் நடுவுக்கு வரும். இடைப்பட்ட நிலை கிடையாது. வேண்டிய அளவைப் பெற, விமானி சுவிட்சைத் தட்டித் தட்டி ஓட்டினார். ஒரு பெரிய குட்டிக்கரணத்தை அப்படித் தட்டியே வட்டமாக வரைந்தவர்கள் அவர்கள். இன்றைய ரேடியோவில் விரல் அசைந்த அளவுக்கே சுக்கான் அசைகிறது. எஞ்சினும் மாறிவிட்டது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் குடித்த எஞ்சின் இருந்த இடத்தில் பலர் மின்மோட்டாரை வைக்கிறார்கள். எரிபொருள் தொட்டி இருந்த அறையில் பேட்டரி போகிறது, அதை மாற்ற மேலே ஒரு கதவு வெட்ட வேண்டியிருக்கிறது. மரம் மாறி, எஞ்சின் மாறி, ஓட்டும் முறையே மாறிய பிறகும் அது டாரஸ்தானா?

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். புராண வீரன் தீசியஸ் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிக் காத்துவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்ததையும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, பழைய வரிசையிலேயே இன்னொரு கப்பல் கட்டினால்? மாடல் விமான உலகில் இது கற்பனையே இல்லை. பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, ரிப்புகளை லேசரால் வெட்டி விற்கிறார்கள். 1960களின் பெட்டியிலிருந்து மரத்தில் பாதியை மாற்றிக் கட்டிய டாரஸ் ஒன்று. முழுக்கப் புது மரத்தில் லேசர் துல்லியத்தோடு கட்டிய டாரஸ் இன்னொன்று. இரண்டும் ஒரே மைதானத்தில் நிற்கின்றன. அமெரிக்காவில் 1976க்கு முந்திய வடிவங்களுக்கென்றே போட்டி நடத்தும் சங்கம் உண்டு. அங்கே மரத்தின் வயதை யாரும் கேட்பதில்லை, வடிவத்தின் வயதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் அறிந்தோ அறியாமலோ உருவத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அது சரியான தீர்ப்பும்கூட. கஸ்மிர்ஸ்கி உலகுக்குக் கொடுத்தது மரத்தையல்ல.

சந்தை இதற்கு நேரெதிர். பிரிக்காத பெட்டிக்குத்தான் அங்கே உச்ச விலை. முதல் ரிப்பைப் பலகையிலிருந்து பிரித்த நொடியிலேயே மதிப்புக் குறைகிறது. பாதி கட்டியது இன்னும் குறைவாகப் போகும். வாங்கி அலமாரியில் வைப்பவரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அச்சிட்ட மூடியும் முழுமையான வரைபடமும் காக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அவர் காப்பது விமானத்தை அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் காப்பது ஓர் இன்மையை.

இன்மையைப் பற்றி நையாயிகர்கள் அளவுக்கு நுட்பமாக எண்ணியவர்கள் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். தாம் சித்தாந்தியாக இருந்தும் எதிர்க்கட்சியின் பாலபாடத்தைத் தமிழுக்குத் தந்தவர். அதில் வரும் இரண்டு இன்மைகள் இந்தப் பெட்டிக்கென்றே சொன்னவை போலிருக்கின்றன. முன்னபாவம் என்பது பொருள் பிறக்கும் முன் உள்ள இன்மை. அதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. அழிவுபாட்டபாவம் என்பது பொருள் அழிந்தபின் வரும் இன்மை. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பறத்தல். முன்னதை முடித்துவைக்காமல் பின்னதிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர் பெட்டியைப் பூட்டிவைக்கிறார்.

கட்டுகிறவருக்கோ பின்னது நிச்சயம் என்று தெரியும். ஒரு சுவிட்ச் கோளாறு, சூரியனுக்கு நேரே பார்த்துவிட்ட ஒரு கணம், தலைகீழாக இருக்கும்போது மறந்து தவறான பக்கம் இழுத்த ஒரு விரல் போதும். பல மாத வேலை இரண்டு நொடியில் மண்ணில் செருகிக்கொள்ளும். வரைபடம் மிஞ்சும், இன்னொன்று கட்டலாம். அந்த இன்னொன்று இது ஆகாது. எதுவும் அழிவதில்லை, ஒடுங்கத்தான் செய்கிறது என்று சற்காரியவாதி ஆறுதல் சொல்வார். வயலில் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுகிறவருக்கு அந்த ஆறுதல் உதவுமா என்பது ஐயம்தான். ஒரு நூலை உருவி வேறு நூல் கோத்தால் அது வேறோர் ஆடை என்று கறாராகச் சொன்ன நையாயிகரே அந்த நேரத்தில் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

இறக்கையின் மேல்தகட்டை ஒட்டி மூடுவதற்கு முன் பலர் ஒரு காரியம் செய்வதுண்டு. நடு ரிப்பில் பென்சிலால் தம் பெயரையும் தேதியையும் எழுதுகிறார்கள். சிலர் அதற்கு மேல் வடிவமைத்தவரின் பெயரையும் எழுதுகிறார்கள். பிறகு பசை தடவி, தகட்டைப் பதித்து, குண்டூசிகளை வரிசையாகக் குத்துகிறார்கள். இறக்கை முழுதாக இருக்கும்வரை அந்த எழுத்தை யாரும் படிக்க முடியாது.