சுவரில் எழுதிய வாக்கு

நமது பங்கு வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படத்தருகே ஏதாவதொரு நல்வாக்கியம் காணப்படுவது வழக்கம். பெரும்பாலும் கடையில் வாங்கி மாட்டியதாயிருக்கும். வீட்டார் தம் கையாலேயே சுவரில் எழுதியது அப்படியன்று. அச்சிட்ட படம் யார் வீட்டிலும் தொங்கலாம். கையெழுத்தோ எழுதினவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக் கூடத்துச் சுவரில், "இவ்வீட்டில் மன்னிப்பு உண்டு" என்று நீல வர்ணத்தால் பெரிதாக எழுதினேன். கடைசி எழுத்துக்கள் சற்றுச் சரிந்துவிட்டன. ஆயினும் பார்த்தவர்கள் மெச்சினார்கள். அடுத்த வருஷமே, பொதுக் கிணற்றுத் தண்ணீர் முறையைப் பற்றி எனக்கும் என் தம்பிக்கும் மனஸ்தாபம். மூன்று வருஷம் பேச்சில்லை. ஒரே கோவிலில் ஒரே பூசை காண்போம். வெளியே வந்ததும் ஆளுக்கொரு வழி.

சென்ற கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க வந்தவர், "இந்த எழுத்தை என்ன செய்ய?" என்றார். "அதன்மேலும் அடித்துவிடும்" என்றேன். பொய்யைச் சுவரில் வைத்திருப்பதைவிட அழிப்பதே யோக்கியம் என்று நினைத்தேன். வெள்ளையடித்த கல்லறைகள் என்று சேசுநாதர் பரிசேயரைக் கண்டித்தது நினைவுக்கு வந்தது. என் மனைவியோ, "அதை அழித்துவிட்டால் உங்கள் தம்பி பேசிவிடுவாரா?" என்றாள்.

கைக்கொள்ளாததை எழுதி வைப்பது வேஷமா? கட்டளைகளை வீட்டு நிலைகளில் எழுதும்படி உபாகமம் சொல்கிறது. யூதர் இன்றும் அவ்வார்த்தைகளைத் தோற்சுருளில் எழுதி வாசல் நிலையில் பதிக்கிறார்கள். கையால் எழுதியதே செல்லும், அச்சடித்தது செல்லாது. எழுத்து மங்கிற்றா, சிதைந்ததா என்று ஏழு வருஷத்தில் இருமுறை திறந்து சோதிப்பது அவர்கள் முறை. போலந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் கத்தோலிக்கர் ஜனவரி 6-ல், மூன்று இராசாக்கள் திருநாளன்று, மந்திரித்த சுண்ணக்கட்டியால் வாசலுக்கு மேல் அந்த வருஷத்தையும் மூன்று எழுத்துக்களையும் எழுதுகிறார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்பவர்களின் முதலெழுத்துக்கள் அவை. கிறிஸ்து இவ்வீட்டை ஆசீர்வதிப்பாராக என்ற லத்தீன் மன்றாட்டுக்கும் அவையே முதலெழுத்துக்கள். வருஷந்தோறும் புதிதாய் எழுத வேண்டும். எங்கள் வீடு ஆசீர்வதிக்கப்பட்டுவிட்டது என்று பெருமை பேசும் எழுத்தல்ல அது, கேட்கிற எழுத்து.

நான் எழுதியதோ விளம்பரம். அதில்தான் பிசகு. ஊராருக்குக் காட்ட எழுதினால் வேஷம். நம்மை நாமே கேட்டுக்கொள்ள எழுதினால், அதை இன்னும் கைக்கொள்ளவில்லை என்பதே அதை அழிக்காமலிருக்கக் காரணம். பரிசேயரின் குற்றம் நல்ல வார்த்தையை எழுதியதல்லவே!

எழுத்தை விட்டுச் சுற்றிலும் அடிக்கச் சொன்னேன். இப்போது அதைச் சூழ்ந்து பழுப்பேறிய பழைய சுண்ணாம்பு ஒரு கட்டமாய் நிற்கிறது. பார்க்க அழகில்லை, வருகிறவர்கள் காரணம் கேட்கிறார்கள். போன ஞாயிறு பூசைக்குப்பின் தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொல்லவில்லை. வருகிற ஞாயிறும் போவதாயிருக்கிறேன்.