மூச்சும் குறட்டையும்

மூச்சுவிடக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். "மூச்சுவிட அல்ல ஐயா, விடுகிற மூச்சைக் கவனிக்க" என்று திருத்தினேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில் இருக்கிறது மத்தூர். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் தியானப் பயிற்சி. முகூர்த்தம் இல்லாத நாட்களானதால் மண்டபம் கிடைத்ததாம்!

இந்த வித்தை வந்த வழி விசித்திரமானது. பர்மாவில் வியாபாரியாக இருந்த கோயங்கா, தீராத தலைவலிக்கு நிவாரணம் தேடி அலைந்து விபாசனா கற்றவர். 1969-ல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். அவர் முறையில் பத்து நாள் முகாம். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல், நாட்பட்ட வலியால் அவதிப்படும் நோயாளிகளுக்கென்று எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். மத்தூருக்கு வந்து சேரும்போது அது இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கிடைப்பதே பலருக்கு அபூர்வம்.

ஞாயிறு காலை. "எந்த எண்ணம் எழுந்தாலும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்" என்றார் பயிற்சியாளர். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பக்கத்தில் குறட்டைச் சத்தம். இருபது வயதுகூட நிரம்பாத பெண். எனக்கு எரிச்சல் வந்தது. சொன்னபடி எரிச்சலைப் பார்த்தேன்; அது எழுந்தது, நின்றது, அடங்கியது. எனக்கு ஒரே பெருமை. பயிற்சியாளர் வந்து அவளை மெதுவாக எழுப்பிவிட்டுப் போனார்.

தேநீர் இடைவேளையில் அவளே வந்து கேட்டாள்: "சார், ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?"

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்கிறாள். "பகல்ல வீட்டுல படுத்தா ஒரே சத்தம் சார். இங்க அமைதியா இருக்கும்னு சொன்னாங்க."

என் பெருமை போன இடம் தெரியவில்லை. எரிச்சலை அத்தனை நுட்பமாகக் கவனித்த நான், அவளைக் கவனிக்கவே இல்லை. தமிழில் இந்தச் சொல் பொல்லாதது. பாடத்தைக் கவனி என்கிறோம். பிள்ளையைக் கவனி என்றும் சொல்கிறோம். முதலாவதற்குக் கண் போதும். இரண்டாவதற்குக் கையும் வேண்டும்.

தன் கோபத்தைத் தானே பார்க்கத் தெரிவது சின்ன விஷயமல்ல. எத்தனையோ வீடுகளில் அது இல்லாமல்தான் பாத்திரங்கள் பறக்கின்றன. ஆனால் புத்தர் சொன்ன எட்டு நெறிகளில் இந்த விழிப்பு ஏழாவது. நல்ல ஜீவனம் அதற்கு முன்பே, ஐந்தாவதாக வருகிறது. ஐந்தாவதை விட்டுவிட்டு ஏழாவதை மட்டும் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால், பகலில் தூங்க இடமில்லாத பெண்ணிடம் நாம் கேட்பதெல்லாம் விழித்திரு என்பதுதான். தூக்கமின்மையையும் தீர்ப்பின்றிப் பார் என்று எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

மணி அடித்தது. மறுபடியும் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் அவள் தலை சுவரில் சாய்ந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். பயிற்சியாளர் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று கையமர்த்தினேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு என் மனம் மூச்சில் நிற்கவில்லை. குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.