ஒட்டகத்துக்கு யார் விலை கொடுத்தது?

எங்கள் ஃபேன்டஸி லீக்கின் விதிகளில் பாதிக்கு மேல் பந்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஆகுமா, ஆகாதா என்ற வாக்குவாதத்தில் பிறந்தவை. காயல்பட்டினத்தில் கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு மார்க்கத்துக்கு வந்துவிடும். மார்க்கத்தைப் பற்றிப் பேசினால் அதைவிடச் சீக்கிரம் கால்பந்துக்குப் போய்விடும். மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் வருடந்தோறும் அகில இந்தியப் போட்டி நடத்தும் ஊர். வெளியூர்க்காரர்கள் நம்புவதற்கு நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் நிஜமாக ஆடுகிற வீரர்களிலிருந்து 15 பேரை நாம் பொறுக்க வேண்டும். 2 கோல்கீப்பர், 5 தடுப்பாட்டக்காரர், 5 நடுக்களத்தார், 3 முன்களத்தார். கையில் கற்பனைப் பணம் 10 கோடி பவுண்டு. ஒரே கிளப்பிலிருந்து 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. முன்களத்து ஆள் கோல் போட்டால் 4 புள்ளி, நடுக்களத்தான் போட்டால் 5, தடுப்பாட்டக்காரன் போட்டால் 6. பெனால்டியைக் கோட்டை விட்டால் 2 கழியும். யாரைக் கேப்டன் ஆக்குகிறோமோ அவனுக்கு எல்லாம் இரட்டிப்பு. இப்படி 38 வாரம். பிரீமியர் லீக்கே 2002 முதல் இதை நடத்துகிறது; இப்போது உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆடுகிறார்கள். சேர ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

அந்த ஒரு பைசாவை நாங்களாகத்தான் சேர்த்துக்கொண்டோம். 2011-ல் ஆளுக்கு 500 ரூபாய். ஹாங்காங்கில் கடை வைத்திருப்பவன், சென்னை மண்ணடியில் இருப்பவன், துபாயில் இருப்பவன், ஊரோடு தங்கிவிட்ட நான். எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம். கணக்கு நோட்டு என் கையில். சீசன் முடிவில் முதலிடத்துக்குப் பெரும்பங்கு, இரண்டாமிடத்துக்கு மிச்சம்.

முதல் சீசன் பாதியில் ஹாங்காங்காரனுக்கு மனசு உறுத்தியது. ‘ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுடு’ என்றான். அஸர் தொழுகை முடிந்ததும் அந்த மார்க்க அறிஞரைப் பள்ளிவாசலில் பிடித்தேன். ஆட்டத்தை விளக்கினேன். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை ஹஜ்ரத், முழுக்க மூளை வேலை, புள்ளிவிவரம் பார்த்துத்தான் எடுக்கிறோம் என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘காசு யார் கையிலேர்ந்து யார் கைக்குப் போவுது தம்பி?’

நான் சொன்னது நாட்டுச் சட்டத்தின் வாதம். நம் நீதிமன்றங்கள் வெகுகாலமாகக் கேட்டுவந்தது அதைத்தான்: திறமையா, அதிர்ஷ்டமா? 2017-ல் பஞ்சாப் – ஹரியானா உயர்நீதிமன்றம் ட்ரீம்11 ஃபேன்டஸி ஆட்டத்தைத் திறமை ஆட்டம் என்றது. தமிழ்நாட்டில் 2022-ல் கொண்டுவந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், அந்தக் கேள்வியில் தொடங்குவதில்லை. இரண்டு பேரும் பணம் வைத்து, ஜெயித்தவன் மற்றவன் பணத்தை எடுத்துக்கொண்டால், எவ்வளவு மூளை செலவழித்தாலும் அது கிமார், சூதாட்டம். பந்தயப் பரிசுக்கு ஹதீஸில் இடம் கொடுத்திருப்பது குதிரை, ஒட்டகம், அம்பு எய்தல் மூன்றுக்கும்தான். அங்கேயும் இருவர் பணம் வைத்தால், பணம் வைக்காத மூன்றாமவன் ஒருவன் போட்டியில் சேர வேண்டும் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நூல்கள் நிபந்தனை போடுகின்றன. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவதெல்லாம் கூடாது என்றது. ஹஜ்ரத் இருந்த இடத்துக்கு டெல்லி சுற்றி வந்து சேர்ந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. டெல்லியின் காரணங்கள் வேறு, தெரியும்.

அவரவர் 500-ஐ அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த சீசனுக்கு மண்ணடிக்காரன் ஒரு யோசனை சொன்னான். கடைசி மூன்று இடத்தில் வருகிறவர்கள் பணம் போடட்டும், அதை ஸதகாவாக, தர்மமாகக் கொடுத்துவிடலாம். ஜெயித்தவனுக்குக் காலணா கிடையாது, ஏழைக்குத்தானே போகிறது, இதில் என்ன குற்றம்? எனக்கும் அது அழகான விதியாகப் பட்டது. நோட்டில் எழுதியும் விட்டேன்.

குர்ஆன் தடுத்த மைஸிர் என்ற சூது எப்படி நடந்தது என்று தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) படித்த அன்று அந்த விதி விழுந்தது. இஸ்லாத்துக்கு முந்தைய அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள். ஏழில் பங்குக் குறி உண்டு, மூன்று வெறும் அம்பு. பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றை உருவுவார்கள். வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்துக்கு விலை கொடுக்க வேண்டும். குறி வந்தவனுக்கு இறைச்சி. அவன் அதைத் தின்ன மாட்டான், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவான். கொடுப்பதுதான் அவனுக்குப் பெருமை, சேராதவனைக் கஞ்சன் என்று ஏசுவார்கள். அதாவது தடுக்கப்பட்ட அந்த ஆட்டமே தர்மத்துக்காக ஆடிய ஆட்டம். சூதிலும் மதுவிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பாவம் அதைவிடப் பெரிது என்று இரண்டாம் அத்தியாயம் சொல்லும்போது அந்தப் பயன் என்ன என்று எனக்கு விளங்காமலே இருந்தது. பசித்தவன் வயிற்றில் நிஜமாகவே இறைச்சி விழுந்திருக்கிறது. அப்படியும் தடுக்கப்பட்டது.

ஏன் என்பதுதான் கேள்வி. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், ஃபத்வா இல்லை. பாலைவனத்துக் குளிர்காலத்தில் ஒரு ஏழைக்குச் சோறு போட வேண்டுமென்றால் ஒட்டகத்தை அறுத்துக் கொடுத்துவிடலாம், அம்பு எதற்கு? ஜெயித்தவனுக்கு வள்ளல் என்ற பெயர். விலை கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை. அவன் பணம்தான் ஏழைக்குப் போயிருக்கிறது, ஆனால் அவன் மனமுவந்து கொடுக்கவில்லை. கொடுக்கும் நிய்யத்து (எண்ணம்) இல்லாத ஒருவன் பணத்தில் இன்னொருவன் தர்மவான் ஆகிறான். எங்கள் மூன்று கடைசி இடத்துக்காரர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஸதகா கொடுக்கிறவனுக்குக் கொடுக்கிற நேரம் தன் கையில் இருக்க வேண்டும். ஏதோ ஒரு ஊர்க் கோல்கீப்பர் பந்தைக் கைநழுவ விட்டதால் நான் கொடுத்தேன் என்றால் அதற்குப் பெயர் அபராதம்.

பிறகு தோற்றவன் விருந்து வைப்பது என்று ஒரு விதி வந்தது. அதுவும் அதே ஒட்டகம்தான். நாலு நாளில் நாங்களே அடித்தோம். இப்போது இருப்பது இது: ஜெயித்தவனுக்கு மனமும் வசதியும் இருந்தால் அவன் விருந்து வைக்கலாம், கட்டாயம் இல்லை. விடுமுறைக்கு எல்லாரும் ஊர் வந்ததும் நெய்ச்சோறு, களரிக்கறி, கத்தரிக்காய்ப் பருப்பு, சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பாடு. தோற்றவன் வெறுங்கையோடு வந்து வயிறு நிறைந்து போகிறான். இதைவிட வேடிக்கையான பரிசுத் திட்டம் உண்டா தெரியாது. 1962-ல் அமெரிக்காவில் ஓக்லண்ட்காரர்கள் அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்கு இந்த ஃபேன்டஸி ஆட்டத்தை உண்டாக்கியபோதே காசு உள்ளே இருந்தது. கடைசியில் வருகிறவன் ஒரு கோமாளிக் கோப்பையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். எங்களிடம் செலவு முதலிடத்துக்கு. தவிர, ஆட்டத்தில் சேராத ஒரு காக்கா (அண்ணன்) ஹாங்காங்கிலிருந்து வெற்றி பெற்றவனுக்கு ஜெர்சி அனுப்புகிறார். வெளியாள் தன் கைக்காசில் கொடுப்பது பரிசு. அதில் ஹஜ்ரத்துக்குத் தடையில்லை.

பணம் போனதும் வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஷாஃபிஈ நூல்களில் இன்னொரு வாசல் திறந்தது. நர்த் என்ற பகடை ஆட்டம் காசு வைக்காவிட்டாலும் ஹராம் என்பது மத்ஹபின் வலுவான கருத்து. அதை ஆடுகிறவனைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் கடுமையான ஹதீஸ் இருக்கிறது. சதுரங்கமோ மக்ரூஹ், வெறுக்கத்தக்கது என்ற அளவோடு நிற்கிறது. வித்தியாசத்துக்குச் சொல்லும் காரணம், சதுரங்கம் சிந்தனையில் நிற்கிறது, நர்த் பகடை விழுவதில் நிற்கிறது என்பது. அப்படியானால் நாங்கள் ஆடுவது எது? சதுரங்கமா, நர்தா? எங்கள் பகடை மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தசை பிடித்தால் பகடை உட்கார்ந்துவிடும்.

2015 ஆகஸ்டில் லெஸ்டரின் ரியாத் மஹ்ரெஸ் வெறும் 55 லட்சம் பவுண்டுக்குக் கிடைத்தான். எங்களில் ஒருவன் எடுத்தான். அந்த சீசனில் லெஸ்டர் கோப்பையைத் தட்டியது, ஃபேன்டஸியில் எல்லா வீரர்களையும்விட அதிகப் புள்ளி மஹ்ரெஸுக்கு, எங்கள் லீக்கில் இவனுக்கு முதலிடம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், ஆட்டத்தை ஊன்றிக் கவனித்தேன் என்று ஒரு மணிநேரம் பாடம் எடுத்தான். விருந்தன்று உண்மை வந்தது: ‘முஸ்லிம் பேரா இருந்துச்சு, விலையும் கம்மி, எடுத்துப் போட்டேன் மச்சான்.’ இதை எந்த நூலில் எந்தப் பக்கத்தில் வைப்பது? சிந்தனையும் இல்லை, பகடையும் இல்லை, பாசம்.

என் கணக்கு இப்படி. ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் இது நர்த். கேப்டனாகப் போட்டவன் பெனால்டியைக் கம்பத்தில் அடிப்பான், உட்கார வைத்தவன் இரண்டு கோல் போடுவான். 38 வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் சதுரங்கத்தின் பக்கம் நகர்கிறது. ஒழுங்காகக் கவனிக்கிறவன் பெரும்பாலும் மேல்பாதியில் இருக்கிறான். அதனால் வாராந்தர வெற்றியாளர் என்ற அறிவிப்பையே நிறுத்திவிட்டோம். துபாய்க்காரனுக்கு இன்னும் வருத்தம்; அவன் சீசனில் ஜெயித்ததில்லை, வாரங்களில் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் உண்மையான அளவுகோல் இதுவும் இல்லை. ஐந்தாம் அத்தியாயம் 91-ஆம் வசனம் காரணத்தையே சொல்லிவிடுகிறது: ஷைத்தான் மதுவையும் சூதையும் கொண்டு உங்களுக்குள் பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்கவும் பார்க்கிறான் என்ற கருத்து. இந்த இரண்டில் எதற்கும் பணம் அவசியமில்லை. சதுரங்கத்தை மக்ரூஹ் என்று விட்ட அறிஞர்களும் காசு வைத்தாலோ தொழுகை நேரம் தப்பினாலோ அது ஹராமாகிவிடும் என்றே எழுதியிருக்கிறார்கள்.

தொழுகை விஷயத்தில் இங்கிலாந்து நேரம் நம்மோடு மோதுகிறது. முதல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணிநேரம் முன்பு அணியைப் பூட்டிவிடுவார்கள். ஆகஸ்டு சனிக்கிழமை அது நம் மூன்றரை மணி. இங்கே அஸர் பாங்கு சொல்லும் நேரம். டிசம்பரில் முதல் ஆட்டம் ஆறு மணிக்குத் தொடங்கும்போது மஃரிப். நடுவாரத்து ஆட்டம் இரவு ஒன்றரைக்குத் தொடங்கினால் ஸுப்ஹை யார் எழுந்து தொழுவது? அணியை லுஹர் (நண்பகல்) தொழுகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறோம். அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அங்கே ஆடுகிறவர்களே நமக்குப் பதில் சொல்கிறார்கள்: 2021 ரமலானில் லெஸ்டரின் வெஸ்லி ஃபொஃபானா நோன்பு திறக்க, எதிரணி கிறிஸ்டல் பேலஸ் கோல்கீப்பர் பந்தை உதைக்காமல் காத்திருந்தார். ஆடுகிறவனுக்குக் கிடைக்கிற அரை நிமிடம் பார்க்கிறவனுக்குக் கிடைக்காதா?

பகை விஷயம் இன்னும் கஷ்டம். 2023 டிசம்பர் 16, போர்ன்மவுத் – லூட்டன் ஆட்டம். ஒரு மணிநேரம் ஆகப்போகும் சமயம் லூட்டன் கேப்டன் டாம் லாக்யர் தன்னால் மைதானத்தில் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. வைத்தியர்கள் ஓடினார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. எங்கள் வாட்ஸப் குழுவில் வந்த முதல் செய்தி: ‘அப்ப இந்த மேட்ச் பாயிண்ட் என்னாகும்?’ எழுதியவன் கெட்டவன் இல்லை. யார் வீட்டு மையித்து என்றாலும் முதல் ஆளாய் நிற்பவன். ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. காசு இல்லாத ஆட்டமும் ஒரு மனிதனை இன்னொருவன் கண்ணுக்குப் புள்ளியாக்கிவிடும் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் வேண்டாம். லாக்யர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆட்டத்தை மார்ச்சில் முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள். யாராவது காயப்பட்டால் அன்று இரவு புள்ளி பற்றிப் பேசக் கூடாது என்பது அதற்குப் பிறகு எழுதிய விதி. எங்கள் நோட்டில் வாதமே இல்லாமல் நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஆக, என் முடிவு மக்ரூஹ். விட்டவனுக்கு நன்மை, ஆடுகிறவன் மேலே சொன்ன நிபந்தனைகளோடு ஆடட்டும். நான் இன்னும் விடவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் சேர விரும்பினால் ஆகஸ்டுக்கு முன் என்னிடம் சொல்லுங்கள். எங்கள் லீக் பேரைச் சொல்லி யாராவது நுழைவுக் கட்டணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், நாங்கள் கேட்பதில்லை.