புதைத்தவன் பழியும் அகற்றுவோன் கடமையும்

ஒருவன் செய்த தீங்கை நீக்கும் பொறுப்பு அவனையே சாரும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அறநெறியாகும். ஆயின், கண்ணிவெடியைப் பொறுத்தவரை இந்நெறி போதுமானதா என்பது ஆராயத்தக்கது. ஆபிரிக்க நாடாகிய மொசாம்பிக்கின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரியும்.

அந்நாட்டு நிலத்திற் கண்ணிவெடிகளைப் புதைத்தோர் ஒரு தரப்பினர் அல்லர். விடுதலைப் போராட்டக் காலத்திற் போர்த்துக்கேயப் படையினர் கஹோரா பாசா அணைக்கட்டைச் சூழப் புதைத்தனர். 1977 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அரச படையினரும் ரெனாமோ கிளர்ச்சியாளரும் பாதைகளிலும், பாலங்களின் அருகிலும், மின்கோபுரங்களின் அடியிலும் புதைத்தனர். 1975இற் போர்த்துக்கேயர் ஆட்சி அகன்றது. 1992 ஒக்ரோபரில் ரோம் நகரிற் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கண்ணிவெடி இவ்விரண்டையும் அறியாது. துப்பாக்கி, ஏந்தியவனின் கை தாழும்போது தானும் தாழும். கண்ணிவெடியோ, புதைத்தவனின் பகைமை தணிந்த பின்னரும், அவன் இறந்த பின்னருங்கூட, விறகு பொறுக்கவரும் சிறுமியைப் பகைவனாகவே கொள்ளும்.

ஆகவே, புதைத்தவனே அகற்றுக என்று காத்திருப்போர் பக்கம் நியாயம் இருக்கலாம், நிலம் மீளாது. 1997இல் உருவான ஒட்டாவா சமவாயம், புதைத்தவர் யாராயினும், நிலம் எந்த அரசின் ஆளுகையில் உள்ளதோ அவ்வரசே மிதிவெடிகளை அகற்றவேண்டும் என விதித்தது. இங்குக் கடமை பழியைத் தொடராது நிலத்தைத் தொடர்கின்றது.

நடைமுறையில் அக்கடமையைச் சுமப்பவர் யார்? முழந்தாளிட்டு, உலோகங்காட்டும் கருவி ஒலிக்கும் ஒவ்வோரிடத்தையும் மெல்லக் கிளறிப் பார்க்கும் தொழிலாளரே. ஒலிப்பது துருப்பிடித்த ஆணியாகவும் இருக்கலாம். எனினும் ஒவ்வோர் ஆணியையும் வெடியெனக் கருதியே அணுகவேண்டும். தாம் செய்யாத தீங்கின்பொருட்டுத் தம் உயிரைப் பணயம் வைக்கும் இவர்களின் செயலைப் பிராயச்சித்தம் என்றல் பொருந்தாது. பிராயச்சித்தம் தீங்கு செய்தவனுக்கே உரியது. இத்தகையோரின் உழைப்பினாலேயே, போர் ஓய்ந்து இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்னர், 2015 செப்ரெம்பரில், அறியப்பட்ட கண்ணிவெடிகள் யாவும் அகற்றப்பட்ட நாடாக மொசாம்பிக் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அங்ஙனமாயின், புதைத்தவன் பொறுப்பினின்றும் விடுபட்டானா எனின், இல்லை. எங்கே புதைத்தான் என்னும் உண்மையை அவனே தரமுடியும். அறிந்த இடத்தைக் கூறாது மறைப்பவன், போர்க்காலத்தில் ஒருமுறை செய்ததைச் சமாதான காலத்தில் நாடோறும் செய்கின்றான். அன்று பகைவன் எதிரே நின்றான் என்ற சாக்காவது அவனுக்கு இருந்தது; இன்று அதுவுமில்லை.

இவ்வினா தொலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2017 டிசெம்பரில் இலங்கையும் அச்சமவாயத்தில் இணைந்தது. வடக்கிலும் கிழக்கிலும், பெண்கள் உட்படப் பலர், பிறர் புதைத்தவற்றை முழந்தாளிட்டு அகற்றி வந்துள்ளனர். இடமறிந்தோர் தம் மௌனத்தைக் கலைப்பது இவர்களுக்குச் செலுத்தவேண்டிய முதற்கடனாகும்.