பொதுப் பகை

இருவருக்கும் ஒரே பகைவன் இருந்துவிட்டால் அது நட்பாகிவிடுமா?

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே தன் இலட்சியம் என்று தீர்மானித்தது. அந்தப் பாதையைக் கசந்த ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதே ராஜாஜி 1967 தேர்தலில் தி.மு.க.வோடும் மார்க்சிஸ்டுகளோடும் ஓரணியில் நின்றார்! சேர்த்துவைத்தது கொள்கையா? காங்கிரஸின் மேலிருந்த கோபம். அரிசித் தட்டுப்பாடும் இந்திப் பிரச்னையும் அதற்கு நெய் வார்த்தன. காங்கிரஸ் வீழ்ந்தது. தி.மு.க.வுக்கோ தனியாகவே பெரும்பான்மை கிடைத்துவிட்டது. 1971-இல் ராஜாஜி, தாம் நெடுங்காலம் எதிர்த்த காமராஜருடன் கைகோத்தார். இருவரும் தோற்றது வேறு கதை.

சந்தர்ப்பவாதம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுக் காங்கிரஸ் ஆட்சியும் மாறக்கூடும் என்று ஜனங்களுக்குக் காட்டியது அந்தக் கூட்டணிதான். பிரிய நேரும் என்று தெரிந்தே சேர்வது பாவமில்லை. ஆனால், ராஜாஜியின் சொல்லை நம்பி உதயசூரியனுக்கு முத்திரை குத்திய பூந்தமல்லிக்காரர் ஒருவர், நான்கே ஆண்டில் அதே வாக்குச்சாவடியில் மறுபடி நிற்கும்போது என்ன நினைத்திருப்பார்?