'தெரியாது' என்ற பதில்

தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட பெருமானார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கூறிவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

தானியத்தில் கையை விட்டுப் பார்க்கலாம். மாத்திரை அட்டைக்குள் எந்தக் கையை விடுவது? காரைக்குடியிலோ இளையான்குடியிலோ தனித்திருக்கும் அத்தாவுக்கு, துபாயிலுள்ள மகன் கைப்பேசி வழியாகச் சர்க்கரை மாத்திரை வரவழைக்கிறார். தள்ளுபடி விலை, பெட்டி வாசலுக்கே வருகிறது. விற்றவர் முகத்தை இருவருமே காணவில்லை. சர்க்கரை குறையாவிட்டால், பத்தியம் காக்கவில்லையென்று அத்தாவுக்குத்தான் ஏச்சு! மாத்திரையில் மருந்தே இல்லாதிருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

இணையதள மருந்து விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. அவ்விதிகள் முறைப்படி வரும்வரை விற்கலாகாது என்று அதே டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். 2019 ஜனவரியில் டிவிஷன் பெஞ்ச் அத்தடையை நிறுத்திவைத்தது.

கண்ணுக்குத் தெரிந்த கடையில் வாங்கினால் அச்சமில்லை என்றும் சொல்வதற்கில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் லைசென்சுடன் இயங்கிய ஸ்ரேசன் நிறுவனத்தின் 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து, 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் அதில் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக அரசின் பரிசோதனைக்கூடமே கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம்! ஆலை மூடப்பட்டது, உரிமையாளர் கைதானார். பெற்றோர் அந்த மருந்தை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டின்படிதான் வாங்கியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மருந்து பல கைகள் மாறி வருகிறது. ஒவ்வொரு கையும் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அது செல்லுமா? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விற்றவர் 'தெரியாது' என்பதைச் சும்மா ஏற்பதில்லை. லைசென்சு பெற்றவரிடம் வாங்கியிருக்க வேண்டும். தக்க கவனம் செலுத்தியும் குறையை அறிய இயலாதிருந்திருக்க வேண்டும். மருந்தைப் பெற்ற நிலையிலேயே முறையாகப் பாதுகாத்திருக்க வேண்டும். மார்க்கமும் இவ்வழியே செல்கிறது. வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் விளைவுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரி, கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய நூலில், மருந்து விற்போரின் கலப்படங்களைக் கண்டறியும் முறைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 'கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்' என்று அவர் நம்பவில்லை போலும்!

தெரியாமை இருவகை என்பது நமது கருத்து. ஒன்று தேடியும் கிட்டாதது; மற்றொன்று தேடாமல் காப்பாற்றிக் கொள்வது. பாதி விலைக்கு, பில் இல்லாமல் சரக்குத் தருகிறேன் என்று வரும் ஆளிடம் கடைக்காரர் ஏன் காரணம் கேட்பதில்லை? கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபின் விற்க மனம் வராது. இலாபம் அவர் வாயைக் கட்டுகிறது. தள்ளுபடியை மட்டும் பார்த்து, விற்பவரின் லைசென்சு எண் எங்கே என்று தேடாத நம் வீட்டாரின் வாயையும் அதே இலாபம்தான் கட்டுகிறது. இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும்.

2023 ஆகஸ்டு முதல் 300 முக்கிய மருந்துப் பெயர்களின் மேலுறையில் கியூஆர் குறி அச்சிட வேண்டுமென்பது சட்டம். தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை அதில் தெரியும். அத்தாவுக்கு மாத்திரை அனுப்பும் அதே கைப்பேசியால் அதனைப் படித்துவிடலாம். அரை நிமிடம் பிடிக்கும்.